ராமானுஜன், விஷியானந்த்: சிறுகோள்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் பெயரையும், மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தின் பெயரையும் தாங்கிய சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றுகின்றன. டெல்டாவில் பள்ளிச் சுவர் இதழுக்கோ கண்காட்சிக்கோ இவற்றைப் பற்றி எழுதுவோர் சில இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும்.

கண்டுபிடித்ததையும் பெயர் வைத்ததையும் ஒன்றாக்குவதுதான் பெரிய தவறு. ஆனந்தின் பெயரைத் தாங்கிய 4538 விஷியானந்தை ஜப்பானின் டொயோட்டா நகரில் கென்சோ சுசுகி கண்டது 1988 அக்டோபர் 10 அன்று. ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அதே 1988தான். உடனே இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும், போடாதீர்கள். பெயர் வந்தது 2015இல். புதிய சிறுகோளுக்கு முதலில் தற்காலிகக் குறியீடுதான் கிடைக்கும். பல ஆண்டுகள் கவனித்துச் சுற்றுப்பாதை உறுதியான பிறகே நிரந்தர எண். அதன்பின் பெயர் முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் பத்தாண்டு முன்னுரிமை உண்டு. ஆனந்தின் பெயரை முன்மொழிந்தவர், பெயரிடும் குழுவில் இருந்த சதுரங்க ஆர்வலர் மைக்கேல் ருடென்கோ. பெயர் ரோமன் எழுத்தில் 16க்குள், கூடுமானவரை ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பது விதி.

தற்காலிகக் குறியீட்டை அர்த்தமற்ற எழுத்துகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ராமானுஜன் சிறுகோளின் குறியீடு 1988 டிகியூ1. ஆண்டுக்கு அடுத்து நிற்கும் ‘டி’ பிப்ரவரியின் பின்பாதியைக் குறிக்கிறது. ஜனவரியின் முன்பாதி ‘ஏ’, பின்பாதி ‘பி’ என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாகச் செல்லும். எண் ஒன்றோடு குழம்பாமலிருக்க ‘ஐ’யை மட்டும் விட்டுவிடுவார்கள். கடைசியில் உள்ள ‘கியூ1’ அந்த அரை மாதத்தில் பதிவான 41ஆவது பொருள் என்கிறது. ராமானுஜனை வானியலாளர் ராஜமோகன் குழுவினர் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் கண்ட நாள் 1988 பிப்ரவரி 17. குறியீட்டோடு பொருந்துகிறதல்லவா? வேறு அரை மாதத்து நாளை எழுதினால் குறியீடே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ராமானுஜனின் நிரந்தர எண்ணான 4130ஐ, 4130ஆவதாகக் கண்டது என்று படிக்கக் கூடாது. அது சுற்றுப்பாதை உறுதியானபின் எண் வழங்கப்பட்ட வரிசை. ராமானுஜன்தான் இந்தியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதும் பிழை. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861லேயே ஒன்றைக் கண்டு, ஆசியா என்று பெயரிட்டார்.

படம் வரையும்போது பாறைகளை நெருக்கியடித்து வரையாதீர்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் இருப்பவை அனைத்தையும் திரட்டினாலும் நிலாவின் எடையில் ஏறக்குறைய மூன்று சதவீதம்தான். அவற்றுக்கிடையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம்.

பணம் கட்டினால் சிறுகோளுக்குப் பெயர் வைத்துத் தருவதாக யாராவது சான்றிதழ் நீட்டினால் வாங்க வேண்டாம். சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. இணையவழித் தேடல் முகாமில் மாணவர் ஒருவர் நகரும் புள்ளியைக் குறித்தால் அது முதற்கட்டப் பதிவு மட்டுமே. “சிறுகோளைக் கண்டுபிடித்த மாணவி” என்று பேனர் வைப்பது அந்தப் பிள்ளைக்கே பின்னாளில் சங்கடம்.

மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் ராமானுஜனைக் காட்டுவதாகவும் சொல்லிவிடாதீர்கள். அது அத்தனை மங்கல். வெஸ்டா என்ற சிறுகோளைத் தேடலாம். கார்த்திகை மேகங்கள் விலகியபின், அது வானில் ஏறும் காலம் பார்த்து, பைனாகுலரில் தெரியும் புள்ளிகளைச் சில இரவுகள் வரையச் சொல்லுங்கள். விண்மீன்களுக்கிடையே எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.