யாருக்கும் தெரியாத கேமுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? (50 ஹேர்ட்ஸால் நான் பட்ட பாடு உட்பட)

கட்டாரில் இருந்து லீவில் வந்த மச்சான் ஒருவர் ஒரு பழைய பிஎஸ்பியையும் (சோனியின் கைக் கொன்சோல்) அதோடு பதினொரு டிஸ்க்கையும் என் கையில் திணித்துவிட்டுப் போனதில்தான் இது எல்லாம் தொடங்கியது. அந்தப் பதினொன்றில் எனக்குப் பெயர் தெரிந்தவை இரண்டு. மற்ற ஒன்பதையும் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன், ஒரு வரி கிடைக்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தவன்தான், நாற்பது சொச்சம் விமர்சனம் ஆகிவிட்டது. "அண்ணா, நானும் எழுதப் போறன், எப்படித் தொடங்குற?" என்று கேட்கும் பொடியன்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட்டுக் கை ஓய்ந்துபோனதால் இந்தப் பதிவு.

கொன்சோலை ரீவியில் எப்படிச் சொருகுவது, மெமரி காட்டில் எப்படிச் சேமிப்பது எல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவர் இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டீர்கள்.

படி 1: கேமைப் பிடித்தல்

முதல் விமர்சனத்துக்கு அறுபது மணித்தியாலம் இழுக்கும் ஆர்பிஜியை (ஒரு பாத்திரமாக நீண்ட கதைக்குள் போகும் கேம்) தொடவேண்டாம். பாதியில் விட்டுவிடுவீர்கள், பிறகு முழுதும் விளையாடினதுபோல எழுதச் சொல்லி மனம் ஏய்க்கும். சின்னதாக, கொஞ்சம் கிறுக்காக இருக்கும் ஒன்றை எடுங்கள். நான் எப்போதும் காட்டும் உதாரணம் பிளேஸ்டேஷன் 2இல் வந்த 'மிஸ்டர் மொஸ்கீட்டோ'. 2001இல் ஜப்பானில் 'கா' என்ற பெயரில் வந்தது, அடுத்த வருடம் ஆங்கிலத்தில். ஜப்பானிய மொழியில் கா என்றால் நுளம்பு. (நம் ஊரில் "என்னகா" என்று கூப்பிடுகிறோமே, அந்தக் கா வேறு.) அதில் நுளம்பு நீங்கள்தான். யமடா குடும்பத்தின் வீட்டுக்குள் பறந்து திரிந்து, அப்பா, அம்மா, மகள் மூவரின் இரத்தத்தையும் அவர்கள் அறியாமல் உறிஞ்ச வேண்டும். மாரி முடிய டெங்குக்காரர் வீடு வீடாக வந்து பூச்சாடித் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு, நுளம்புச் சுருளைப் பக்கத்தில் கொளுத்தி வைத்துவிட்டு இதை விளையாடினால், எழுத விஷயமா இல்லாமல் போகும்?

படி 2: உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இந்தப் படியில்தான் நான் சறுக்கினேன். ஆகவே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூன்றாவது விமர்சனம் ஒரு பிளேஸ்டேஷன் 1 கார்ப் பந்தயக் கேம் பற்றியது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் தேடிப்போய்ப் படிப்பீர்கள். "வண்டிகள் சேற்றில் இறங்கிய எருமை மாதிரி நகர்கின்றன, செய்தவர்களுக்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது" என்று எழுதித் தள்ளியிருந்தேன். எழுதும்போது நல்ல புழுகம். இரண்டு நாள் கழித்துக் கனடாவில் இருக்கும் வாசகர் ஒருவர், "தம்பி, நான் விளையாடினது பறக்குமே, நீங்க விளையாடினது பால் வேர்ஷனா?" என்று கேட்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பால் என்றால் குடிக்கிற பால் இல்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இலங்கையிலும் இருந்த பழைய ரீவி முறை அது, செக்கனுக்கு 50 தடவை திரையைத் தீட்டும், அதைத்தான் 50 ஹேர்ட்ஸ் என்பது. அமெரிக்கா, கனடா, ஜப்பானில் இருந்தது என்டிஎஸ்சி, அது 60 தடவை. பழைய கேம்கள் பலவற்றில், திரை ஒருதடவை தீட்டப்பட்டால் கேமின் உலகம் ஓர் அடி நகரும் என்ற கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். அப்படியிருக்க 60 அடி வைக்கவேண்டியது 50 அடிதான் வைக்கும் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் போயிற்று, 1 நிமிடத்தில் முடியவேண்டியது 72 செக்கன் இழுக்கும். ஐரோப்பாவுக்கு விடும்போது மெனக்கெட்டு இதைச் சரிசெய்தவர்களும் உண்டு, அப்படியே விட்டவர்களும் உண்டு. போதாக்குறைக்கு, ரீவி படத்தைக் கிடைக்கோடுகளாகத்தான் தீட்டும், பாலில் அந்தக் கோடுகள் அதிகம், சரிசெய்யாத கேமில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சப்பையாகத் தெரியும். நான் அந்தப் பட்டையைப் பார்த்து "சினிமா மாதிரி இருக்கிறது" என்று பாராட்டி வேறு எழுதியிருந்தேன்.

பிரபலமான கேமுக்கு இப்படி எழுதியிருந்தால் நூறு பேர் வந்து திருத்தியிருப்பார்கள், பிரச்சினையில்லை. ஆனால் யாரும் தொடாத கேம் ஒன்றுக்குத் தமிழில் இருப்பதே உங்கள் ஒரு விமர்சனம்தான். அதில் மெதுவான கேம் என்று எழுதிவிட்டால் அது மெதுவான கேம்தான், கேட்க ஆளில்லை. அந்தக் கனடா அண்ணன் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படியேதான் கிடந்திருக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? டிஸ்க்கில் நான்கு ஆங்கில எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். பிளேஸ்டேஷன் 1, 2, பிஎஸ்பி மூன்றிலும் அதன் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் ஐரோப்பா, யு என்றால் அமெரிக்கா, பி அல்லது ஜே என்றால் ஜப்பான். மார்க்கர் பேனையால் பெயர் எழுதின டிஸ்க் என்றால் (நம் ஊரில் அந்தக் காலத்தில் வேறு எது கிடைத்தது?) கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள், அதே குறியீட்டின் பெயரிலேயே உள்ளே ஒரு கோப்பு கிடக்கும். அதுவும் முடியாவிட்டால் கேமுக்குள் ஓடும் கடிகாரத்தையும் போனின் ஸ்டொப்வாட்சையும் ஒன்றாகத் தட்டிவிடுங்கள். கேமில் 60 செக்கன் ஓடும்போது போனில் 72 வந்தால் நீங்கள் பார்ப்பது எருமை வேர்ஷன். இரண்டும் ஒன்றாகவே ஓடினால் அதை வைத்து மட்டும் தப்பிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம், கடிகாரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை விட்டவர்களும் இருக்கலாம்.

பிளேஸ்டேஷன் 2 காலத்துப் பால் டிஸ்க்குகள் பலவற்றில் தொடக்கத்திலோ மெனுவிலோ 50ஆ 60ஆ என்று கேட்கும், ரீவி தாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு 60ஐ அமத்துங்கள். இது பழங்கதை என்றும் நினைக்காதீர்கள். 2018இல் விட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிக் கொன்சோலில் உள்ள 20 கேமில் 9 பால் பதிப்புத்தான்.

கைக் கொன்சோல்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, திரை அவற்றோடேயே வருகிறது. என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவர் கைக் கொன்சோலில்தான் தொடங்கவேண்டும். நிண்டெண்டோவின் 3டிஎஸ்ஸில் மட்டும் எந்த நாட்டுக் கருவியோ அந்த நாட்டுக் கேம்தான் ஓடும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

(அமெரிக்காவில் இருந்து யாராவது பழைய பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்து தந்தால் நேரே சுவரில் சொருகிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மணம் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை.)

படி 3: கொப்பி

போனில் குறிப்பு எடுக்கவேண்டாம். போனைத் தூக்கினால் வட்ஸ்அப், வட்ஸ்அப் பார்த்தால் கேம் போச்சு. ஒரு சீஆர் கொப்பி, ஒரு பேனை. முதல் அரை மணித்தியாலத்தில் எங்கே குழம்பினீர்கள், எந்த பட்டனைத் தவறி அமத்தினீர்கள், எங்கே தன்னை மறந்து சிரித்தீர்கள் என்பதை அந்த இடத்திலேயே நிறுத்தி எழுதுங்கள். ஐந்து மணித்தியாலம் விளையாடிய பிறகு கை பழகிவிடும், தொடக்கத்தில் குழம்பியதே மறந்துவிடும். வாசகரோ தொடக்கத்தில்தான் நிற்கப்போகிறார்.

படி 4: எங்கே வைத்து விளையாடுவது

கைக் கொன்சோல் கேமை முழுக்கக் கட்டிலில் கிடந்து விளையாடிவிட்டு விமர்சனம் எழுதினால் பாதிதான் எழுதினீர்கள். நான் குறைந்தது ஒருதடவையாவது கல்முனை பஸ்ஸில் கொண்டுபோவேன். களுவாஞ்சிகுடியில் கூட்டம் ஏறி ஒரு கையால் கம்பியைப் பிடிக்கவேண்டி வரும்போது கேமை அந்த நொடியில் நிறுத்த முடிகிறதா, சத்தம் இல்லாமல் விளையாட முடிகிறதா, வெயிலில் திரை தெரிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நிண்டெண்டோவின் 'கேம் போய் அட்வான்ஸ்' முதல் மாடலில் திரைக்கு விளக்கே கிடையாது, வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. பிஎஸ்பி அதற்கு நேர்மாறு, வெயிலில் உங்கள் முகம்தான் தெரியும்.

'பட்டாபொன்' மாதிரி மேளம் தட்டிப் படையை நடத்தும் கேம்களுக்குக் காதுக்கருவி கட்டாயம். சத்தம் கேட்காமல் அதை விளையாடி "கஷ்டம்" என்று எழுதவேண்டாம்.

படி 5: படம்

நிண்டெண்டோ ஸ்விட்ச் கொன்சோலில் கேமின் திரையைப் படம் பிடிக்க என்றே பட்டன் இருக்கிறது. பிஎஸ்பிக்குப் பிறகு வந்த பிஎஸ் வீட்டாவில் பிஎஸ் பட்டனையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அமத்தினால் படம் விழும். பிஎஸ்பியில் அப்படி எதுவும் இல்லை. 3000 மாடலில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போட்டே கேமை ரீவியில் பார்க்கலாம், 2000 மாடலில் கேமுக்குக் கொம்போனன்ட் வயரும் அதைத் தாங்கும் ரீவியும் வேண்டும், முதல் மாடலில் வாய்ப்பே இல்லை.

வயரில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டியும், படத்தைக் கணினிக்குள் கொண்டுவர யூஎஸ்பியில் சொருகும் மலிவான கப்சர் குச்சியும், அதைப் பதியும் ஓபிஎஸ் மென்பொருளும் இருந்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். போதும்தான், ஆனால் அந்தப் பெட்டிகள் பல, பழைய நான்குக்கு மூன்று படத்தை அகல இழுத்துத்தான் தரும். எல்லாப் பாத்திரமும் கல்யாண வீட்டில் இரண்டு பந்தி சாப்பிட்டவர் மாதிரி வரும். ஓபிஎஸ்ஸில் அகலத்தைக் குறைத்துவிடுங்கள்.

எனக்கென்னவோ பழைய குண்டு ரீவியைப் போனால் எடுத்த படம்தான் பிடிக்கும். லைட்டை அணைத்து, போனை ஏதாவது ஒன்றில் அசையாமல் சாய்த்து, கமராவின் புரோ முறையில் ஷட்டரை 50இல் ஒரு செக்கன் என்று வையுங்கள். 60 ஹேர்ட்ஸில் ஓடும் கேம் என்றால் 60இல் ஒன்று. இல்லாவிட்டால் படத்துக்குக் குறுக்கே கறுப்புக் கோடு விழும்.

படி 6: எழுதுதல்

எந்த வருடம், எந்த நிறுவனம், எத்தனை கட்டம் என்று தொடங்கவேண்டாம். கை என்ன செய்கிறது என்று தொடங்குங்கள். வாசகர் இந்தக் கேமை ஒருபோதும் பார்த்ததில்லை, யூடியூபில் தேடவும் போகமாட்டார்.

நான் முதலில் எழுதியது: "மிஸ்டர் மொஸ்கீட்டோ ஒரு வித்தியாசமான சிமுலேஷன் கேம். இதன் கட்டுப்பாடுகள் புதுமையானவை." இதைப் படித்து யாருக்கு என்ன விளங்கும்? பிறகு திருத்தியது: "மகளின் கழுத்தில் போய் இருந்துவிட்டு கொன்ட்ரோலரின் வலது குச்சியைச் சுற்றவேண்டும். மெதுவாகச் சுற்றினால் இரத்தம் வராது, வேகமாகச் சுற்றினால் அவளுக்கு உறைத்துவிடும், அடுத்தது அடிதான். என் பெருவிரல் நடுங்கியது." புதுமை என்ற சொல்லே தேவைப்படவில்லை.

பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடவேண்டாம் என்பது என் கட்சி. யாரும் விளையாடாத கேமுக்கு ஏழு என்றால் எதோடு ஒப்பிட்டு ஏழு? அதற்குப் பதிலாகக் கடைசியில் ஒரு பந்தி போடுங்கள்: எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, 50ஆ 60ஆ, எத்தனை மணித்தியாலம், முடித்தேனா இல்லையா. முடிக்கவில்லை என்றால் முடிக்கவில்லை என்றே எழுதுங்கள், ஒருவரும் அடிக்க வரமாட்டார்கள்.

பிற்சேர்க்கை 1: அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கை, "கொன்சோல் இல்லை அண்ணா, போனில் எமுலேட்டர் போட்டு விளையாடி எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறார். எழுதலாம், ஆனால் எமுலேட்டர் (பழைய கொன்சோலைப்போல நடிக்கும் மென்பொருள்) என்பதையும் அந்தக் கடைசிப் பந்தியில் சொல்லிவிடுங்கள். சில கேமுக்கு அது பெரிய வித்தியாசம். கேம் போய் அட்வான்ஸில் 2003இல் வந்த 'பொக்டாய்' காட்ரிஜில் சூரிய ஒளி உணரி இருக்கிறது, முற்றத்தில் இறங்கி வெயிலில் பிடித்தால்தான் துப்பாக்கி சார்ஜ் ஏறும். எம்ஜிபிஏ எமுலேட்டரில் வெயிலைக் கூட்டிக் குறைக்க ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குக் கட்டிலில் கிடந்துகொண்டு வெயிலை உச்சத்தில் வைத்து விளையாடலாம். விளையாடுங்கள், ஆனால் கல்லடிக் கடற்கரையில் பன்னிரண்டு மணி வெயிலில் ஒருவன் நின்று விளையாடிய கேமைத்தான் நானும் விளையாடினேன் என்று எழுதாதீர்கள்.

பிற்சேர்க்கை 2: நான் எழுதிய 'விப்-ரிப்பன்' விமர்சனத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேர் "எங்கட சீடியைப் போட்டால் ஒன்றும் நடக்குதில்லை" என்கிறார்கள். இந்தப் பிளேஸ்டேஷன் 1 கேம் முழுதும் நினைவகத்தில் ஏறிவிடும், அப்புறம் டிஸ்க்கை எடுத்துவிட்டு உங்கள் பாட்டு சீடியைப் போட்டால் அந்தப் பாட்டையே பாதையாக்கித் தரும், அதில் நீங்கள் நடத்துவது ஒரு முயலை, தவறத் தவற அது தவளையாகும், பிறகு புழுவாகும். எம்பி3 நிரப்பிய சீடி சரிவராது, ஓடியோ சீடியாக எரிக்கவேண்டும். நானும் இரண்டு சீடி வீணாக்கித்தான் கண்டுபிடித்தேன். மூன்றாவதில், ஊரில் ஓர் அரங்கேற்றத்தில் போனால் பதிந்து வைத்திருந்த வடமோடிக் கூத்தைப் போட்டேன். அண்ணாவியார் விருத்தம் இழுக்கும் மட்டும் முயல் ஆறுதலாக நடந்து வந்தது. மத்தளமும் சல்லரியும் சேர்ந்து வேகம் பிடித்தன, மறுகா முயல் தவளையாகி, தவளை புழுவாகி, ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது.