போட் இஞ்சின் அனோட்: புதுசு மாதிரி இருந்தா சந்தோஷப்படாதீங்க

கடல்லேர்ந்து வந்ததும் நல்ல தண்ணில ஃப்ளஷ் பண்ணனும்னு எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. பினாங்கு தெலுக் பஹாங் பக்கம் புதுசா அவுட்போர்ட் (போட் பின்னாடி மாட்டுற இஞ்சின்) வாங்கி மீன்பிடிக்க இறங்குற தம்பிங்க காசை விடுறது வேற இடத்துல, அனோட்ல. அது இஞ்சின்ல மாட்டியிருக்கிற, தான் கரைஞ்சு மத்த உலோகத்தைக் காப்பாத்துற ஒரு உலோகத் துண்டு.

தேயாத அனோட்

"அண்ணே, அனோட் அப்படியே புதுசா இருக்குண்ணே"ன்னு ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே வந்து நின்னா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் தான் வருது. டேய், அது இருக்கிறதே தேயறதுக்குத் தான்டா. அலுமினியம் கியர்கேஸ் (தண்ணிக்குள்ள இருக்கிற கியர் கூடு), ஸ்டெயின்லெஸ் ப்ரொப்பெல்லர், ஷாஃப்ட் எல்லாம் உப்புத்தண்ணில ஒண்ணா ஊறினா அதுங்களுக்குள்ள சின்னதா கரண்ட் ஓடும், அப்போ எது சீக்கிரம் கரையுற உலோகமோ அது கரைஞ்சு மத்ததைக் காப்பாத்தும், அனோட் கரையலன்னா அடுத்த பலி கியர்கேஸ் தான்.

ஒரு தம்பி செகண்ட் ஹேண்ட் இஞ்சின் வாங்கினான், வித்தவன் பளபளன்னு கறுப்பு ஸ்ப்ரே அடிச்சு வச்சிருந்தான், அனோட் மேலயும் சேர்த்து! பெயிண்ட் அடிச்சா தண்ணி அதைத் தொடாது, தொடலன்னா அது சும்மா ஒரு உலோகத் துண்டு. கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தா தே தாரே மாதிரி பால் டீ கலர்ல வருது, சீல் உட்கார்ற இடமெல்லாம் குழிகுழியா அரிச்சு தண்ணி உள்ள போயிருக்கு. கேஸையே மாத்த வேண்டியதாப் போச்சு, அனோட் விலையோட ஒப்பிட்டா வயிறு எரியும்.

பெயிண்ட் மேல மட்டும் இல்ல, அடியில இருந்தாலும் இதே கதி தான். அனோட் உட்கார்ற இடத்தை வெறும் உலோகம் தெரியுற வரைக்கும் சுரண்டிட்டு மாட்டுங்க, அப்புறம் மல்ட்டிமீட்டர்ல ஒரு முனையை அனோட்லயும் இன்னொண்ணை இஞ்சின் எர்த்துலயும் வச்சுப் பாருங்க, ஒரு ஓம் கூட காட்டக்கூடாது. சில மாடல்ல ப்ரொப்பெல்லருக்கு மேல சின்னத் துடுப்பு மாதிரி இருக்கிற ட்ரிம் டேபே அனோட் தான், அதையும் பெயிண்ட் அடிச்சுத் தொலைக்காதீங்க.

எந்தத் தண்ணிக்கு எது

கடலுக்கு ஜிங்க் போதும். ஆத்து முகத்துல, பிராய் ஆறு மாதிரி உப்பும் நல்ல தண்ணியும் கலக்குற இடத்துல கட்டி வைக்கிறவங்களுக்கு ஜிங்க் மேல வெள்ளையா பொருக்கு பிடிச்சு வேலை செய்யாமப் போயிடும், அலுமினியம் போடுங்க, அது ரெண்டுக்கும் தாங்கும். தெமெங்கோர் மாதிரி நல்ல தண்ணி ஏரியில மட்டும் ஓட்டுறவங்களுக்கு மெக்னீசியம், ஆனா அதையே கடல்ல இறக்கினா மளமளன்னு கரைஞ்சு போயிடும்.

பாதி போனா

மாத்திடுங்க.

செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் பெயிண்ட்

பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க அடிக்கிற இந்தப் பெயிண்டை அலுமினியம் இஞ்சின்ல பூசவே பூசாதீங்க.

இஞ்சினுக்குள்ள

நிறைய அவுட்போர்ட்ல பிளாக் உள்ளயும் குட்டி அனோட் இருக்கு. வெளிய இருக்கிறதை மட்டும் மாத்திட்டு இதை மறந்துடுவாங்க, மேனுவல்ல எங்க இருக்குன்னு போட்டிருக்கும்.

மரினால கரண்ட் எடுக்கிறவங்க

எர்த் ஒயர் வழியா உங்க போட்டும் பக்கத்துப் போட்டும் ஒண்ணா இணைஞ்சிடும், அவன் அனோட் போடலன்னா உங்களோடது தேஞ்சு அவனைக் காப்பாத்தும். எர்த் ஒயர்ல அந்தச் சின்ன கரண்டைத் தடுக்கிற கல்வானிக் ஐசொலேட்டர் போடுங்க, இல்லன்னா போட்டை விட்டு இறங்கும்போது பிளக்கைக் கழட்டி வச்சிடுங்க.