யாரும் எழுதி வைக்காத சுனாமிக்கு தேதி கண்டுபிடிக்கிறது எப்படி?

ஒரு கரையில என்னைக்கோ பெரிய அழிவு நடந்திருக்குன்னு சந்தேகம், ஆனா எழுத்துல ஒண்ணுமே இல்ல, எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா சேத்துல இறங்குங்கன்னுதான் சொல்வேன். அமெரிக்க மேற்குக் கரையில என்னைக்கோ நடந்த ஒரு நிலநடுக்கம், சுனாமி கேஸ் இதுக்கு சரியான பாடம்.

கடல் தண்ணி வடியுற நேரமா பாத்து ஆத்து முகத்துவாரத்துல கரைய மண்வெட்டியால நேரா செதுக்கணும். 1980கள்ல வாஷிங்டன் மாநிலத்துல பிரையன் அட்வாட்டர்ங்கிற நிலவியல் ஆய்வாளர் இப்படித்தான் பாத்தார். மேல சாம்பல் கலர் சேறு, கீழ மெல்லிசா மணல், அதுக்கும் கீழ கருப்பா பழைய தரை. கருப்பு மண் கத்தியால வெட்டுன மாதிரி சட்டுனு முடிஞ்சா நிலநடுக்கத்துல நிலம் திடீர்னு இறங்கியிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா கலந்திருந்தா அது மெதுவா மூழ்கின இடம். அங்க பழைய தரையில வேர்விட்ட புல்லு, தண்டோட மணலுக்குள்ள நின்னுட்டு இருந்துச்சு, அழுகறதுக்குள்ள சுனாமி கொண்டுவந்த மணல் மூடியிருக்கு! புயல் மணலா இருக்காதான்னு கேப்பீங்க, புயல் மணலைக் கொட்டும், ஆனா ஒரு மீட்டருக்கு மேல நிலத்தை கீழ இறக்காது.

அடுத்து செத்த மரம். அதே வாஷிங்டன்ல கோபாலிஸ் ஆத்தோரம் உப்புத்தண்ணி ஏறி செத்த செடார் மரங்க இன்னும் மொட்டையா நிக்குது. கார்பன் டேட்டிங் (மரத்துல இருக்குற கார்பனை அளந்து வயசு சொல்றது) பண்ணா சில பத்து வருஷ இடைவெளி கிடைக்கும், அவ்வளவுதான். மரத்துல வருஷத்துக்கு ஒண்ணா உருவாகுற வளையத்தை எண்ணலாம், ஆனா அடிமரத்தை அறுத்துட்டு அதை நம்பாதீங்க, வெயில் மழையில வெளி வளையங்க உதிர்ந்து போயிருக்கும். மண்ணுக்குள்ள பட்டையோட இருக்குற வேரைத் தோண்டி எடுங்க. அங்க கடைசி வளையம் 1699, அதாவது 1700 வசந்தத்துல அந்த மரங்க துளிர்க்கவே இல்ல.

இந்த வேர் ரிசல்ட் வந்தது 1997ல. அதுக்கு முந்தின வருஷமே ஜப்பான்ல நிலநடுக்க ஆய்வாளர் கெஞ்சி சடாகே டீம் வேற வழியில அதே முடிவுக்கு வந்துட்டாங்க. ஜப்பான்ல நிலநடுக்கமே இல்லாம 1700 ஜனவரி கடைசியில ஒரு சுனாமி வந்ததா அவங்க பழைய ஏடுகள்ல இருக்கு, குவாகசாகி கிராமத்துல நடுராத்திரி தண்ணி புகுந்து சில வீடுகள் போச்சு. நம்ம 2004 கதைதான், ஆடுனது சுமத்ரா, அடி வாங்குனது நாகப்பட்டினம். ஏடு பாக்கும்போது பழைய காலண்டரை மாத்துறது, டைம் வித்தியாசம், தேதிக்கோடு மூணையும் கவனிங்க, ஒண்ணு தப்புனா ஒரு நாள் போயிடும். பசிபிக்கை தாண்ட சுமார் 10 மணி நேரம்னு பின்னாடி கணக்கு போட்டாங்க, அமெரிக்கக் கரையில நிலநடுக்கம் வந்தது அந்த ஊர் நேரப்படி 1700 ஜனவரி 26 ராத்திரி சுமார் 9 மணி, அளவு 9 கிட்ட.

இன்னொண்ணு, அந்த ஊர் பெரியவங்க கதைய நான் முதல்லயே கேட்டுடுவேன். அதே கரையில வடக்க, கனடாவோட வான்கூவர் தீவு பச்சீனா விரிகுடா பழங்குடிங்க, ராத்திரி தூங்கப் போன நேரத்துல பூமி ஆடி, கடல் வந்து ஒரு ஊரையே கொண்டுபோச்சுன்னு தலைமுறை தலைமுறையா சொல்லிட்டுதான் இருந்தாங்க.