வீட்டுக் கொல்லையில் சிக்கனமான நிழல்வலைக் குடில்

ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் குடில்களைப் பார்த்துவிட்டு, அதே போன்ற ஒன்றைக் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ வீட்டுக் கொல்லையில் அமைத்தால், சித்திரை வெயிலில் நாற்றுகள் வெந்துபோகும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ச்சியான ஊர். கீழே இருக்கும் நமக்கு வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையே பொருந்தும், செலவும் குறைவு.

12 அடி அகலம், 20 அடி நீளமுள்ள இடம் போதுமானது. நீளவாட்டின் இரு ஓரங்களிலும் 4 அடிக்கு ஒன்றாக இரண்டடி இரும்புக் கம்பிகளைப் பாதியளவு தரையில் இறக்கி, 20 அடி நீள ஓரங்குல பி.வி.சி. குழாயின் இரு முனைகளையும் எதிரெதிர்க் கம்பிகளில் செருகினால், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு வளைவு கிடைக்கும். இவ்வாறு ஆறு வளைவுகள் வேண்டும். நமது செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும் என்பதால், முதல் நாள் மாலையே கம்பி இறக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவது நல்லது. இல்லையெனில் கம்பிதான் வளையும்.

உச்சியில் ஒரு நெடுங்குழாயை வைத்து எல்லா வளைவுகளையும் கட்டுக்கம்பியால் பிணைக்க வேண்டும். முறுக்கிய கம்பி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வலை அங்கேதான் முதலில் கிழியும். பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கி அதன்மேல் சுற்றிவிடலாம்.

அம்மியையே நகர்த்தும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால், குடிலின் குறுகிய பக்கம் மேற்கு நோக்கி இருக்கட்டும். வளைவுகளின்மேல் போர்த்திய வலையின் அடியோரத்தை அரையடி ஆழத்தில் மண்ணில் புதைத்துவிட்டால் கோழிகளும் உள்ளே நுழையா.