பங்கு வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால்: முதல் நாள் முதல் வாரிசு உரிமம் வரை

கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வளவு (நடுமுற்றம்) வைத்த நகரத்தார் வீட்டைப் படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) பாகப்பிரிவினைக்கோ திறக்கிறார்கள். இரண்டாம் கட்டு அறையில், மரப்பெட்டிக்கு அடியில், எண்ணெய்த் துணி சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது. ஐயா காலத்துப் பொருள். பங்காளிகள் கூடி நின்று பேசும் அடுத்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒருவர் கூட்டத்துக்கு நடுவே அவசரத்தில் குழலை மடக்கிப் பார்க்கிறார், ஒருவர் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், இன்னொருவர் காரில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய்விடலாம் என்கிறார். மூன்றுமே வேண்டாம்.

முதலில் சட்டத்தின் நிலை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791இல் சேர்த்த இரண்டாம் திருத்தத்தின்படி அரசியலமைப்பு உரிமை. நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவோ ‘ஆயுதமின்றி அமைதியாக’க் கூடும் உரிமையைத்தான் தருகிறது. துப்பாக்கி இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, தனி ஆளுக்குத் தரப்படும் அனுமதி. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ புள்ளிக்கோ (மணமான தம்பதியைக் குறிக்கும் குடும்பக் கணக்கு) தரப்படுவதில்லை. உரிமம் ஐயா பேரில் இருந்தால், அவர் காலமானதோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் உரிமமற்ற ஆயுதம்தான். 25(1பி) பிரிவின்படி அதற்கு 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. ‘எங்கள் வீட்டுப் பொருள்தானே’ என்பது பதிலாகாது.

கையில் எடுப்பதற்கு முன்

குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை முகப்புக்கு அனுப்பிவிடுங்கள். அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் போதும். விரல் விசைக்குப் பக்கத்தில் போகவே கூடாது. குழலின் வாய் மனிதர்கள் இல்லாத பக்கம், வெறும் மண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்தோ கல் தூணைப் பார்த்தோ பிடிக்காதீர்கள். ரவை கெட்டியான பரப்பில் பட்டால் தெறித்துத் திரும்பும்.

மடக்கும் வகை இரட்டைக்குழல் என்றால் பிடிக்கு மேலே கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு நெம்பு இருக்கும். அதை வலப்பக்கம் தள்ளினால் குழல்கள் கீழே தாழும். இரண்டு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். பித்தளை வட்டம் தெரிந்தால் தோட்டா உள்ளே இருக்கிறது. தோட்டா உருவிக்கொண்டு வந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். வரவில்லை என்றால் ஆணியாலோ ஸ்குரூ டிரைவராலோ நெம்பாதீர்கள். தோட்டாவின் நடுவில் இருக்கும் சிறு வட்டம்தான் அடிபட்டால் வெடிக்கும் இடம். வெளிக் குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தி போன்ற பாகம்) உள்ள பழைய வகையில் குதிரை பின்னுக்கு இழுபட்டு நின்றால், அதை இறக்க முயலவே வேண்டாம். துருவேறிய விசையில் குதிரை நழுவினால் அதுவே சுட்டதற்குச் சமம். அப்படியே வைத்துவிட்டு, அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். மாவட்ட ஆயுதப்படையில் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரர் இருப்பார்.

ஒற்றைக்குழல் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான் இன்னும் அபாயம். அதை மடக்கிப் பார்க்க வழியில்லை. மெல்லிய மூங்கில் குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள். தட்டி நிற்கும் இடத்தில், குழல் வாயின் மட்டத்துக்குக் குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, கோட்டைக் குழல் வாயோடு சேர்த்துக் குழல் மேலேயே படுக்க வையுங்கள். நுனி, கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் முனை வரை வந்தால் குழல் காலி. சில விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ கெட்டித்திருக்கிறது. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டு கழித்தும் பற்றும். அதைத் தோண்டி எடுப்பது ஆர்மரர் வேலை. இரும்புக் கம்பியை மட்டும் குழலுக்குள் விடவே விடாதீர்கள்.

எந்த வகையாக இருந்தாலும், காலிதான் என்று தெரிந்த பிறகும், ‘டக்’ சத்தம் கேட்க விசையை அழுத்திப் பார்க்கும் வழக்கம் வேண்டாம்.

பெட்டியில் தனியாகத் தோட்டாக்கள் கிடக்கலாம். பழைய காகித உறைத் தோட்டா ஈரத்தில் ஊதியிருக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஊருணியில் வீசுவதும், குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும் நடக்கிற காரியங்கள்தான். இரண்டும் ஊருக்கே ஆபத்து. அவை துப்பாக்கியோடு சேர்ந்து நிலையத்துக்குப் போக வேண்டியவை.

ஒப்படைப்பு

ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வைத்திருக்கும் தகுதி போனதும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் பொருள் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. இறந்தவரின் வாரிசு உரிமம் பெற்றதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது வாங்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுக்கொள்ளலாம். ஆனால் காலவரம்பு உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டால் அரசுடைமையாகிவிடும்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராக நிலையத்துக்குள் நுழையாதீர்கள். முதலில் போனில் சொல்லி, அவர்கள் வருவார்களா நாம் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். கொண்டுவரச் சொன்னால் குழல், முன்கட்டை, பிடிக்கட்டை என மூன்றாகக் கழற்றி உறையில் போட்டு, தோட்டாவை வேறு பையில் வைத்துக் கொண்டுபோகலாம்.

கடிதம் இரண்டு பிரதி. அதில் இருக்க வேண்டியவை: துப்பாக்கி வகை, செய்தவர் பெயர், வரிசை எண், தோட்டா எண்ணிக்கை, எந்த வீட்டில் எந்தத் தேதியில் யார் முன்னிலையில் கிடைத்தது, உரிமதாரர் பெயரும் இறந்த தேதியும், பழைய உரிம எண். வரிசை எண் தேடுபவர்கள் குழலின் மேற்புறத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். குழலைக் கழற்றினால் அடியில், தட்டையான பகுதியில் இருக்கும். விசைக் காப்பு வளையத்திலும் பாருங்கள். இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ரசீதில் அவர்கள் எழுதும் எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். ஓர் எண் மாறினாலும் பின்னால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

உரிமப் புத்தகமே கிடைக்கவில்லை என்றால் வக்கீல் ஒருவரோடு போவது நல்லது. அதற்கு முன் பழைய கடிதக் கட்டு, கணக்குப் பேரேடு எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். கிடைப்பது சில சமயம் துப்பாக்கியாக இருக்காது, ஏதோ ஒரு தேர்தலின்போது நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைத்த ரசீதாக இருக்கும். அப்படியென்றால் ஐயாவின் துப்பாக்கி இன்னும் அங்கேயே இருக்கலாம். எழுத்தில் கேளுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவு, எனாமல் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் விற்கலாம். துப்பாக்கியை அந்த மூட்டையில் சேர்க்காதீர்கள். பழம்பொருள் மதிப்புள்ள, வழக்கொழிந்த ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது, உண்மைதான். ஆனால் எப்படிப் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கி எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதில் சுலபமாகச் சேராது. அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

வாரிசு உரிமம்

2016 விதிகளில் 25ஆம் விதி வாரிசுக்கானது. உரிமதாரர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். இறக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பேருக்குக் கேட்கலாம். அப்பச்சி (அப்பா) இன்னும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். அவருக்குப் பிறகு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பழைய உரிமம், ஒப்படைப்பு ரசீது, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், ஏ-1 படிவம், மருத்துவச் சான்று, ஆயுதம் கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவை தேவை. இவற்றில் பெரும்பாலும் சிக்குவது ஆட்சேபணை இல்லாக் கடிதம். ஒரு பங்காளி சிங்கப்பூரில், ஒருவர் கோலாலம்பூரில் இருப்பார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேன் எடுபடாது.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடுத்தது, பலர் சறுக்கும் இடம்: நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீடு சிவகங்கை மாவட்டத்தில், வாழ்வது சென்னையில் என்றால், கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனு திரும்பி வரும். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு துப்பாக்கி வைத்திருந்தால் கணக்குப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுதான் வைத்திருக்கலாம், வாரிசுச் சொத்தும் அதில் சேரும். அதே திருத்தம் உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக்கியது.

திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒன்று. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அருகில் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34ஆம் பிரிவின்படி சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் தர, தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத பகுதி அது. மனு தாமதமானால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

துப்பாக்கி வேண்டாம் என்றால், ஒப்படைத்த நிலையிலேயே உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்பது சுத்தமான வழி. உரிமம் உள்ள தனியாருக்கு விற்பதாக இருந்தால், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ (கலெக்டர்) அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம்.

தற்காப்புக்கு உதவுமா?

எங்கள் கருத்து: வயதான தம்பதி மட்டும் இருக்கும் வளவு வீட்டுக்குத் துப்பாக்கி பாதுகாப்பு தராது. அது பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு இடத்தில் இருந்தாக வேண்டும். மூன்று கட்டு தாண்டி வரும் திருடன் அதற்கு நேரம் தரமாட்டான். ஆள் இல்லாத வீட்டில் அதுவே திருடு போகும் முதல் பொருள். பின்கட்டுக் கதவுக்குக் குறுக்கு இரும்புப் பட்டை, வளவு வானத்தில் கம்பி வலை, ஊருக்குப் போகும்போது நிலையத்தில் தகவல், 112 எண் — இவற்றைச் செய்தபின் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (புதிய தண்டனைச் சட்டம்) 34 முதல் 44 வரை தற்காப்பு பற்றிய பிரிவுகள். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், கொள்ளை நடந்தால், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுந்தால், உயிர் போகுமளவு எதிர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவி பெற நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. சுவரேறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

உரிமம் கைக்கு வந்த பிறகு

பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது அறைக்குள் சிக்கலின்றிப் போய்விடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் நீர்ச்சுழி போன்ற கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடாதீர்கள், இடது கை விரல்கள் இருக்கும் இடத்தில் குழல் பிளக்கும். இரண்டில் எதுவாக இருந்தாலும் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அளந்து சோதித்த பிறகே சுட வேண்டும்.

தோல் உறையில் வைத்தால் ஈரம் தங்கித் துருவேறும். தேங்காய் எண்ணெய் பிசினாகி விசையை ஒட்டவைக்கும். துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும், பிடிக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கி ஒரு வேட்டு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது குழலுக்கு உள்ளும் புறமும் எண்ணெய் சற்றுத் தாராளமாகத் தடவி, கட்டையில் உள்ள கீறல்களை ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். முடிவு அறிவித்ததும் நீங்களே போய்க் கேளுங்கள், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.