"அட்டெண்டர் யாரு?": தனியாக வாழ்கிறவர்கள் பாரத்தைப் பிரித்துக்கொள்வது எப்படி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அம்மா தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் கூட்டிக்கொண்டு போய் அவசரப் பிரிவில் சேர்த்தபோது நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "அட்டெண்டர் யாரு?" நான்தான். கவுண்டரில் பணம் கட்ட வேண்டியவளும் நான்தான், ஸ்ட்ரெச்சர் கூடவே ஸ்கேனுக்குப் போக வேண்டியவளும் நான்தான், அதுவும் ஒரே நேரத்தில். அந்த மாசத்தை எப்படியோ ஓட்டிவிட்டேன். நான் உடைந்துபோனது நாலு மாசம் கழித்துத்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார், அவ்வளவுதான் விஷயம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன்.

அன்றைக்குப் புரிந்தது இது: கல்யாணமாகாமலோ, பிரிந்தோ, துணையை இழந்தோ தனியாக வாழ்கிறவரைச் சாய்ப்பது பெரும்பாலும் ஒரு பெரிய துக்கம் இல்லை. சிலிண்டர், கரண்ட் பில், வீட்டு ஓனர், அம்மாவின் மாத்திரை, ஆபீஸ் வேலை என்று அத்தனையையும் ஒரே மண்டை ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருப்பதுதான். இதில் "உனக்கென்ன, குடும்பமா குட்டியா" என்று சொல்லிச் சொல்லி இன்னும் இரண்டு வேலையை நம் தலையில் கட்டுகிறவர்கள் வேறு. அதனால் இங்கே நான் எழுதுவது முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: பாரத்தை எப்படிப் பிரிப்பது.

அதற்கு முன்னால் ஒன்று. இதைப் படிக்கிற நீங்கள் "இனி இருந்து என்ன" என்ற நினைப்போடு இருந்தால் கீழே உள்ளதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இப்போதே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்கிற ஸ்நேகாவின் எண் 044-24640050. கூடவே யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், "என்னைத் தனியா விடாதீங்க, இப்ப வாங்க" என்று சொல்லுங்கள். வீட்டில் மாத்திரையோ வேறு எதுவோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

சரி, அந்த அளவுக்கு இல்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? தனியாக இருக்கிறவர்கள் மனசு சரியில்லாதபோது முதலில் விடுவது சமையலைத்தான். தயிர் சாதமோ இரண்டு இட்லியோ போதும், பக்கத்து மெஸ்ஸில் வாங்கினாலும் சரி. மனசு படபடவென்று அடித்துக்கொண்டால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் செய்தால் இதயத் துடிப்பு தணிவது உங்களுக்கே தெரியும். ஆனால் நெஞ்சு அழுத்தி வலித்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை டென்ஷன் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ஒரு தாள். செல்போனில் வேண்டாம், தாள்தான். மண்டையில் ஓடுகிற எல்லாவற்றையும், எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், வரிசை பார்க்காமல் எழுதுங்கள். நான் எழுதியபோது 23 வந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி: இந்த வாரம் நானே செய்தாக வேண்டியது, வேறு யாராவது செய்யக்கூடியது, தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாதது. 23இல் நானே செய்தாக வேண்டியவை நாலுதான். அந்த நாலு என்கிற எண்ணைப் பார்த்ததிலேயே பாதி மூச்சு வந்தது.

பணக் கவலையும் அந்தத் தாளில் இருந்தால் வாடகை, மருந்து, சாப்பாடு, கரண்ட் முதலில். கடன் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தேதி தாண்டுவதற்கு முன்பே பேங்குக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேளுங்கள், தாண்டிய பிறகு கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். வசூல் ஆட்கள் கண்ட நேரத்தில் கூப்பிட்டால் பயப்பட வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது.

கேட்பது எப்படி

நமக்கு ரொம்பக் கஷ்டமான இடம் இதுதான். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள், அதுவும் தனியாக வாழ்வதென்று முடிவெடுத்தவர் உதவி கேட்டால் "அப்பவே சொன்னேனே" என்று ஒரு பேச்சு வருமே என்ற பயம் வேறு. அதனால் கேட்பதே இல்லை, கேட்டாலும் "மனசே சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதைக் காதில் வாங்குகிறவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை.

அதனால் நாள், நேரம், வேலை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். "வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு அம்மாவை எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், கூட வர முடியுமா? ஒரு மணிக்குள்ள முடிஞ்சிடும்." இப்படி அனுப்பினால் வர முடியுமா முடியாதா என்று பதில் வரும். முடியாது என்று வந்தாலும் அது அந்த வியாழக்கிழமைக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கேட்காதீர்கள். வண்டி வைத்திருக்கிற சித்தப்பா மகன் ஆஸ்பத்திரிக்கு, கணக்குத் தெரிந்த பழைய ஆபீஸ் நண்பர் இன்சூரன்ஸ் தாள்களுக்கு, அழ வேண்டுமென்றால் கல்லூரித் தோழி. சித்தப்பா மகனுக்கு நம் அழுகையைக் கேட்கத் தெரியாது, ஆனால் காலை ஆறு மணிக்கு வந்து வாசலில் நிற்பான்.

கூடப்பிறந்தவர்களிடம் கேட்பது தனி. என் அண்ணன் வெளியூரில், குடும்பத்தோடு. "உனக்குத்தான் டைம் இருக்கே" என்றான் ஒரு தடவை, கெட்ட எண்ணத்தில் இல்லை, உண்மையாகவே அப்படி நினைத்திருந்தான். சண்டை போடாமல், அம்மாவுக்காக நான் ஒரு மாசத்தில் செய்கிறதையும் செலவையும் எழுதி அனுப்பினேன். "இதுல எதை நீ எடுத்துக்கறே?" என்று மட்டும் கேட்டேன். பிசியோதெரபி செலவும், மாசத்தில் ஒரு சனி, ஞாயிறு அம்மாவோடு இருப்பதும் அவன் பொறுப்பாயிற்று. கேட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது, அவன் சம்மதிக்க ஒரு நாள்.

இன்னொன்றும் பார்த்தேன். போன வருஷம் அந்தக் கல்லூரித் தோழிக்குப் பித்தப்பை ஆபரேஷன், அவளும் தனி ஆள்தான். கேட்கத் தயங்காமல் என்னைக் கூப்பிட்டாள், ஏனென்றால் அதற்கு முன் நான் அவளைக் கூப்பிட்டிருந்தேன்.

ஒருவர் கண்ணிலாவது படுங்கள்

நானும் அவளும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். தினமும் காலை 7 மணிக்குள் ஒருவருக்கொருவர் "எழுந்தாச்சு" என்று ஒரு மெசேஜ். 8 வரை வரவில்லை என்றால் போன், எடுக்கவில்லை என்றால் கீழ்வீட்டு அக்காவுக்கு. அந்த அக்காவிடம் என் வீட்டின் இன்னொரு சாவி இருக்கிறது. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது இந்த வழியில்தான் ரசம் சாதம் வந்தது. செல்போனைத் திறக்காமலே அவசர எண் தெரிகிற மாதிரியும் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதே 2017 சட்டத்தின்படி, மனநலச் சிகிச்சை விஷயத்தில் உங்களுக்காகப் பேச ஒருவரை நீங்களே நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவரும் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். 18 வயது நிறைந்தவராக, அந்தப் பொறுப்பைப் பார்க்கக்கூடியவராக இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை.

டாக்டரிடம் எப்போது

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது சோம்பலும் இல்லை, பலவீனமும் இல்லை, டாக்டரைப் பாருங்கள். முதலில் வழக்கமாகப் போகிற டாக்டரிடமே போகலாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாமே ஆளைச் சோர்ந்துபோகச் செய்யும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநல மருத்துவர் வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவர், உட்கார்ந்து பேசிச் சரிசெய்கிறவர் உளவியலாளர், சிலருக்கு இரண்டு பேரும் தேவைப்படும். மருந்து ஆரம்பித்தால் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உடல் நோய்க்கு இருக்கிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே 2017 சட்டத்தின் 21ஆவது பிரிவு.

போகும்போது என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்று நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள், உள்ளே போனால் வார்த்தை வராது. எனக்கு வரவில்லை, தாளை நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு, "வீட்டுல கூட யார் இருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, ஆனால் கூப்பிட்டால் வருவாள் என்று தோழியின் பெயரையும் எண்ணையும் சொன்னேன். அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.