கென்யாவில் சுகாதாரப் பாடம் எடுக்கக் கிளம்புமுன்

முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே மறித்துவிடுவார்கள். நான் சேலத்தில் ராத்திரி ரயிலேறிப் போய் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். சம்பளமில்லாத வேலைதானே என்று சுற்றுலாப் பயணியாகப் போய் நிற்காதீர்கள். என்ன அனுமதி வேண்டும் என்று பள்ளியிடம் எழுதிக் கேளுங்கள்.

கை கழுவும் பாடத்துக்கு மிளகுப் பொடி போதும். ஏற்காட்டில் தங்கை வீட்டுத் தோட்டத்து மிளகை வைத்துத்தான் பழகினேன். கென்யாவில் கடையிலும் கிடைக்கும். அகலமான சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, பொடியைத் தூவுங்கள். "இதுதான் கிருமி" என்று ஒரு பிள்ளையை விரல் விடச் சொல்லுங்கள், பொடி ஒட்டும். அடுத்து சோப்பு தொட்ட விரல். பொடி சட்டென்று விளிம்புக்கு ஓடும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் வரும் வேடிக்கை அது, கிருமி பயந்து ஓடாது என்பதையும் சொல்லிவிட்டு 20 நொடி கை தேய்க்க வையுங்கள். சோப்பு பட்ட தட்டைக் கழுவாமல் மறுபடி காட்டி, முதல் வகுப்பிலேயே அசடு வழிந்தேன்.

சுவாஹிலியில் சோப்பு 'சபுனி', தண்ணீர் 'மாஜி'. எனக்கென்னவோ ஒவ்வொரு தடவையும் மந்திரிதான் ஞாபகத்துக்கு வந்தார்.